கண்டக்குழியின் வெயில்காரர்கள்

முன்பெல்லாம் சோளகக் காற்று எழுந்தால் கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குழியில் தொழில் படுத்துவிடும். கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும். மேற்குக் கரையின் மீனவக் குடும்பங்கள் பல, வலையையும் சட்டி பானையையும் கட்டிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி அடித்துத் தங்கப் போய்விடும். இன்று அதே காற்றை நம்பித்தான் மே தொடங்கி ஒக்டோபர் வரை விடுதிகள் நடக்கின்றன. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு கற்பிட்டிக் குடாநாட்டை உல்லாசப் பயணிகள் கண்டுகொண்டார்கள். காற்றாடி இழுக்கப் பலகையில் சறுக்கிப் போகும் கைட் சேர்பிங்குக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காற்று அடங்கிய மாதங்களில் டொல்பின் பார்க்க வருகிறார்கள். தொழில் மாறியதோடு, வெயிலில் நிற்கும் ஆளும் நிற்கும் நேரமும் மாறிவிட்டன.

கரைவலை இழுத்த தலைமுறையின் உடம்பை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் சாரம், தலையில் துவாய், மேலுக்கு ஒன்றுமில்லை. அறுபதைத் தாண்டியவரின் பிடரியில் ஆழமான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாகக் கிடக்கும். புறங்கை தடித்திருக்கும், கன்னமேடு கன்றிக் கறுத்திருக்கும். கடலுக்குப் போனவன் அப்படித்தான் இருப்பான் என்று ஊர் விட்டுவிட்டது. அது பெரிய பிழையுமில்லை. அந்தக் கோடுகள் வெயில் தோலின் உள்நார்களைச் சிதைத்ததன் அடையாளம். பார்வைக்கு முரடு, அவ்வளவுதான்.

காற்றாடி பிடிக்க வரும் வெள்ளைக்காரரிடம் கதை வேறு. வயது போன ஒருவரின் வழுக்கையைக் கிட்ட நின்று பார்த்தால், சில மில்லிமீற்றர் அகலத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். மேலே காய்ந்த வெண்செதில் ஒட்டியிருக்கும். கிள்ளினால் உதிரும், பிறகு திரும்ப வரும். கண்ணுக்குத் தட்டுப்படாததும் விரலுக்குத் தட்டுப்படும், உப்புத்தாளைத் தடவினதுபோலச் சொரசொரக்கும். காது மடல், நெற்றி, மூக்கு, புறங்கை, கீழுதடு என்று வெயில் நேரே விழும் இடங்களில்தான் வரும். இதற்கு அக்டினிக் கெரற்றோசிஸ் என்று பெயர்.

இது ஒரு கோடையில் வந்ததல்ல. புறஊதாக் கதிர் மேல்தோல் கலங்களின் மரபணுவை ஆண்டாண்டாகக் கெடுக்கிறது. கலங்களும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. ஒருநாள் சில கலங்கள் திருத்தம் தவறி ஒழுங்கின்றி வளரத் தொடங்குகின்றன. பெரும்பாலான திட்டுகள் அப்படியே கிடக்கும், சில தாமாகவே மறையும், ஒரு சிறு பங்கு செதிட்கலப் புற்றுநோய் என்னும் தோல் புற்றாகும். எது ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் வைத்தியர்கள் மைனஸ் 196 பாகை குளிருள்ள திரவ நைதரசனைத் தெளித்துத் திட்டை உறைய வைத்து உதிர்க்கிறார்கள். திட்டுகள் நெருக்கமாகப் பரந்திருந்தால் களிம்பு கொடுக்கிறார்கள்.

கடலையும் தோலையும் சேர்த்துப் பார்த்தவர் ஹம்பர்க் துறைமுக நகரத்துத் தோல் வைத்தியர் பவுல் உன்னா. மாலுமிகளின் தோல் வெயிலிலும் காற்றிலும் தடித்துச் செதிலாகிப் புற்றாவதை அவர் 1894இலேயே எழுதிவிட்டார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1992இல், அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் செதிட்கலப் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நாட்டு மக்களின் வெள்ளைத் தோலுக்கு அது பெரிய செய்தி.

கண்டக்குழித் தோலுக்கு? இங்கேதான் நம் பத்திரிகைகள் வழுக்குகின்றன. வெளிநாட்டு எச்சரிக்கையை அப்படியே இறக்குமதி செய்து, கறுத்த மனிதரையெல்லாம் சன்ஸ்கிரீன் போத்தல் வாங்கச் சொல்கிறார்கள். கறுத்த தோலில் மெலனின் ஒவ்வொரு கலத்தின் கருவுக்கும் மேலே குடை பிடித்து நிற்கிறது. அதனால் இந்தச் சொரசொரத் திட்டு நம்மிடம் மிக அரிது. பிறவியிலேயே மெலனின் இல்லாத அல்பினிசம் உள்ளவர்கள் இதற்கு விலக்கு. அவர்களுக்கு இருபது, முப்பது வயதிலேயே இது வரக்கூடும். அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தொப்பியும் கைநீளச் சட்டையும் பள்ளிப் பையோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

நம்மவர் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. கீழுதடு ஒன்று. மேலுதட்டுக்கு மீசை நிழல் உண்டு, கீழுதடு வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. அது வெடித்து, வெளிறி, வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் வெயில் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான், வெற்றிலையும் புகையிலையும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியர் இதை இலவசமாகப் பார்ப்பார். அடுத்தது கண். வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கி சதை வளர்வது கடலில் காலம் கழித்தவர்களிடம் அதிகம். பழைய தீக்காயத் தழும்பு, நாட்பட்ட புண் இரண்டும் கறுத்த தோலில் புற்றாக மாறுவதுண்டு. வெளிறிய, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் அது வெயில் வேலையே அல்ல, தொழுநோயா என்று பார்க்க வேண்டும். இந்த நாட்டில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது இன்னும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. மருந்து இலவசம், வெட்கம்தான் தடை.

இனிப் பெடியன்களின் கதைக்கு வருகிறேன். கரைவலைக்காரர் ஒருதரம் வலையை இழுத்து முடித்தால் அடுத்ததுவரை வாடி நிழலில் இருந்தார். அவர் பேரன் இன்று கைட் பழக்கும் ஆசிரியர். காற்று பலப்படும் நேரத்தில் களப்புத் தண்ணீரில் இடுப்பளவுக்கு நிற்கிறான். காற்று உடம்பைக் குளிரவைப்பதால் சுடுவது தெரிவதில்லை, ஆனால் கதிர் காற்றுக்கு அடங்காது. கடல் நுரை புறஊதாவில் கால்வாசியையும் காய்ந்த மணல் 15 சதவீதத்தையும் முகத்துக்கே திருப்பி அனுப்பும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. தொப்பியின் கீழ் இருந்தும் தப்ப முடியாத பங்கு அது. பகல் முழுக்க இப்படி நின்று கறுத்த முகத்தை வெளுக்க, இரவில் சிலர் கடையில் வாங்கிய களிம்பைப் பூசுகிறார்கள். வெளுக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இருக்கும். கலத்துக்குக் குடை பிடிக்கும் மெலனினைத் தானே கழற்றி எறியும் இந்தப் பழக்கம் தாத்தா காலத்தில் இல்லை.

சன்ஸ்கிரீனை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கைத்தான் பார்க்கிறேன். முழு உடம்புக்கு ஒருமுறை பூச சுமார் 30 மில்லிலீற்றர் வேண்டும். தண்ணீரில் நிற்பவன் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பப் பூச வேண்டும். 100 மில்லிலீற்றர் போத்தல் ஒரு நாள் தாங்காது, அது பெடியனின் நாட்கூலியை விழுங்கிவிடும். கழுத்தை மூடும் கைநீள நீச்சற்சட்டை ஒன்று பல மாதம் உழைக்கும். அதையும் அகலத் தொப்பியையும் கைட் பள்ளிக்காரர் சம்பளத்தோடு கொடுக்கலாம். நண்பகலில் ஆசிரியர்களை மாற்றி மாற்றி ஓலைக்கொட்டிலுக்குள் இருத்தவும் அவர்களால் முடியும். உதட்டுக்கும் முகத்துக்கும் மட்டும் சன்ஸ்கிரீன் போதும்.