பொதிகையின் பூர்வகுடிகள்

பாபநாசத்துப் படித்துறையில் ஸ்நானம் செய்து, உலகம்மை சமேத பாபநாசநாதரைத் தரிசித்து, தல விருட்சமான களாவை வலம் வந்து, கட்டுச்சாதத்தை அவிழ்த்து உண்டுவிட்டு பஸ் ஏறுவதே நம் யாத்திரிகர்களின் வழக்கம். தலைக்கு மேலே மேகம் மூடி நிற்கும் மலையை நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே. சமீபத்தில் என் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒருவன், "ஸார், அகத்தியர் மூலிகைக்காகத்தான் இங்கே வந்தாரா?" என்று கேட்டான். அகத்தியர் எதற்காக வந்தார் என்று நான் எப்படிச் சொல்வேன்? மூலிகையைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அகஸ்திய மலைச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தமிழகத்திலும் கேரளத்திலுமாக அதைச் சூழ்ந்துள்ள சுமார் 3,500 சதுர கிலோமீட்டர் பிரதேசத்தை 2016-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. அதன் கணக்குப்படி இங்கே 2,254 வகை உயர்தரத் தாவரங்கள் உண்டு. அவற்றுள் 400 வரையில் ஓரிடத்துக்கே உரியவை. சிலவற்றுக்கு அந்த 'ஓரிடம்' மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும். வேறு சிலவற்றுக்கோ ஒரே ஒரு சிகரத்தின் சரிவுதான். அந்தச் சரிவு தீப்பற்றி எரிந்தால் உலகத்தில் வேறெங்கும் போய் அச்செடியைத் தேட முடியாது.

ஏன் இங்கே இத்தனை? ஆரியங்காவுக் கணவாய் இம்மலைகளை வடக்கேயுள்ள தொடரிலிருந்து பிரித்துவிடுகிறது. மலையுச்சியின் குளிர்ச்சியில் பிறந்த செடிக்குக் கணவாயின் தாழ்வும் வெப்பமும் கடல்போல. போதாக்குறைக்கு, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இம்மலைக்குப் பாத்தியம். கீழே பாபநாசத்தில் முட்புதர்; மேலே ஏற ஏற இலையுதிர் காடு; அதற்கும் மேலே வெயில் தரையில் விழாத பசுங்காடு. வற்றாத பொருநையின் இரகசியமும் இதுதான். அக்கணவாய்க்குத் தெற்கே மட்டும் வளரும் செங்குறிஞ்சி மரத்தின் பெயரையே கேரள சர்க்கார் ஒரு சரணாலயத்துக்குச் சூட்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வரைக்கமுகு. ஒல்லியான தண்டு, பாறை இடுக்கில் கால் ஊன்றிய ஒரு பாக்கு ஜாதி. வரையாட்டில் உள்ள 'வரை'யே இதிலும் உள்ளது. யானைக்கு இதன் குருத்து என்றால் உயிர், எட்டினால் விடாது. ஆகையால் யானையின் கால் ஏறாத செங்குத்தான பாறைகளில்தான் இன்று இது மிகுதியாய் நிற்கிறது. தாவர நூலார் இதற்கு 'பெண்டிங்கியா' என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பெண்டிங்க்? 1806-ல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னையில் கவர்னராயிருந்து, மறு வருஷம் திரும்ப அழைக்கப்பட்டாரே, அந்தப் பிரபுதான்! பெயரின் பின்பாதியில் 'கொண்டபன்னா' என்று நம் தேசத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு சிறு ஆறுதல்.

இன்னொரு பூவின் கதை துயரமானது. பாதரட்சை வடிவில், மஞ்சள் நிறத்தில், மத்தியில் கருங்கோடு ஓடும் ஓர் ஆர்க்கிட் மலரைக் கர்னல் ட்ரூரி 1865-ல் இம்மலையில் கண்டார். அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். பிறகு அந்நியச் சீமான்களின் கண்ணாடி வீடுகளுக்காகக் கிழங்கோடு பெயர்த்துப் போனார்கள். அழிந்தே போயிற்று என்று கருதியிருந்தது, 1970-களில் மறுபடியும் சில பாறைகளில் தென்பட்டது. அழகே அதற்கு எமனாயிற்று.

மலையின் உண்மையான பண்டிதர்கள் காணிக்காரர்கள். 1987-ல் கேரளப் பகுதியில் ஆராய்ச்சியாளர் சிலர் மலையேறி மூச்சு வாங்கினார்கள். உடன் வந்த காணிகளோ ஏதோ சிறு காயை மென்றபடி களைப்பின்றி நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்டத்தார் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, 1995-ல் ஒரு வைத்தியசாலைக்கு உரிமை கொடுத்தார்கள். பத்து லட்சம் ரூபாயும் விற்பனையில் நூற்றுக்கு இரண்டும் உரிமைத்தொகை. அதில் பாதி காணிகளுக்கு என்று தீர்மானித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவனின் அறிவுக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிய காரியம். ஆனால் மருந்துக்குக் கிராக்கி ஏற்பட்டதும் செடிக்கே ஆபத்து வந்தது. கொள்ளை போய்விடும் என்று வனத்துறை குறுக்கிட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். காட்டு அதிகாரி பெட்டோம் கண்டறிந்த ஒரு நாவல் இனத்து மரத்துக்குச் சிங்கம்பட்டியின் பெயரே அமைந்தது. அதே சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,374 ஏக்கரை 1929-ல் ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். மாஞ்சோலையில் தேயிலை முளைத்தது. அந்த மரமோ இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. 2024-ல் தோட்ட வேலை நின்று, தலைமுறைகளாய் அட்டைக்கடியிலும் மழையிலும் உழைத்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. காட்டை வெட்டச் சொன்னவர்கள் அவர்கள் அல்லர். காடு திரும்புவதற்குரிய விலையை மட்டும் அவர்கள் செலுத்துகிறார்கள்.

முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. புலிக்காகப் போட்ட வேலி செடிக்கும் காவலாயிற்று. ஆயினும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனாரை நாடி ஆயிரக்கணக்கில் கூடும் ஜனங்கள் காட்டில் விட்டுவரும் பிளாஸ்டிக்கை எந்த வேலி தடுக்கும்? பாபநாசத்திலோ, பாவம் போக்க வந்தவர்கள் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். இந்தச் சாஸ்திரத்தை யார் எழுதினார்களோ தெரியவில்லை.

நாங்கள் திரும்புகையில், கரையிலிருந்த மருதமரத்தின் வேர்களில் ஈரத் துணிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அகத்தியரைப் பற்றிக் கேட்ட பையன் குனிந்து ஒரு பழைய வேட்டியை இழுத்துப் பார்த்தான். அது பாதி கிழிந்து அவன் கையோடு வந்தது; மீதி வேரோடு இருந்துவிட்டது.