கதவு கோணினால் சரக்கு மட்டமா?

அட்டைப் பெட்டியில் தனித்தனிப் பலகைகளாக வந்து, வாடிக்கையாளர் வீட்டிலேயே பூட்டி நிறுத்தப்படும் அலமாரிகள் இன்று சிறு ஊர்க் கடைகளிலும் விற்பனையாகின்றன. ஸ்வீடன் நாட்டின் ஐகியா நிறுவனம் 1956 முதல் இந்த முறையில் சாமான்களை வடிவமைத்து வருகிறது. அந்நிறுவனம் 2018-ல் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தது. இம்முறையின் லாபம் வியாபாரிகளாகிய நமக்கு உடனே விளங்கும். பூட்டிய அலமாரியை லாரியில் ஏற்றினால் வாடகையில் பெரும் பகுதி உள்ளே இருக்கும் காற்றுக்கே போய்விடும். பலகையாக அனுப்பினால் அந்தச் செலவு மிச்சம்.

ஆனால், அந்த மிச்சம் ஒரே ஒரு புகாரில் கரைந்துவிடும். "கதவு இரண்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை, சரக்கு மட்டம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே அப்புகார். திருப்பி எடுத்தால் போக வர வண்டி வாடகை நம் தலையில் விழும். பிரித்த பெட்டியைப் புதுச் சரக்காக விற்க முடியாது. பார்ட்டிகிள் போர்டில் ஒரு முறை இறங்கிய ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடியும் பூட்டினால் பழைய பிடிப்பும் இருக்காது. பெரும்பாலான புகார்களில் கதவில் குற்றமே இல்லை என்பதுதான் இதில் வேதனை. கால் மணி நேர வேலையில் சரியாகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பெட்டி

கதவு கோணினால் எல்லோரும் உடனே கீலைத் திருகுகிறார்கள். அது தலைகீழ் வேலை. கதவு நான்கு மூலையும் சதுரமாக வெட்டி வந்த பலகை. அதைத் தாங்கும் பெட்டி சாய்ந்தால் வாசல் கோணும், கதவு கோணாது. அந்த வித்தியாசம்தான் இடைவெளியாக நம் கண்ணில் படுகிறது.

ஆகவே, முதலில் ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையில் வாட்டம் விடுவது வழக்கம். எந்தப் பக்கக் கதவு தாழ்ந்து நிற்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்து முன்காலைத்தான் உயர்த்த வேண்டியிருக்கும். திருகு கால் இருந்தால் திருகலாம். இல்லையென்றால் மைக்கா துண்டுகளை அடியில் செருகலாம். அட்டையை மடித்து வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் அது அமுங்கிவிடும்.

அடுத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவுகளையும் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி சதுரம். சமமாக இல்லையென்றால் முதலில் மினிஃபிக்ஸ் பூட்டுகளை இறுக்க வேண்டும். பிறகும் வித்தியாசம் இருந்தால் பின்பலகையின் ஆணிகளை எடுத்துவிட்டு, அளவு கூடுதலாக உள்ள மூலைகளை உள்நோக்கி அழுத்திச் சமமாக்கி, மறுபடி ஆணி அடிக்க வேண்டும். அந்த மெல்லிய பின்பலகைதான் பெட்டியைச் சதுரமாகப் பிடித்து நிறுத்துகிறது. அது வெறும் மறைப்பு என்று எண்ணி அரைகுறையாக அடிப்பவர்கள் அதிகம்.

பிறகுதான் கீல்

இவ்வகை அலமாரிகளில் பெரும்பாலும் ஆட்டோ ஹிஞ்ச் எனப்படும் மறைவுக் கீலே வருகிறது. அதில் மூன்று வகைச் சரிசெய்தல் உண்டு.

கதவுக்கு அருகில் உள்ள ஸ்க்ரூ கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும். உட்பக்கமாக உள்ள ஸ்க்ரூ கதவை முன்னும் பின்னும் நகர்த்தும். பெட்டியின் பக்கப்பலகையில் பதிந்த தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் கதவை மேலும் கீழும் நகர்த்தலாம். உயரத்தை மாற்றும்போது அந்தக் கதவின் எல்லாக் கீல்களிலும் தளர்த்த வேண்டும்.

கைப்பிடிப் பக்கம் தொங்கினால் மேல் கீலில் கதவைக் கீல் பக்கமாக இழுத்து, கீழ்க் கீலில் எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஒரு முறைக்கு அரைச் சுற்றுதான். கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு அடுத்த அரைச் சுற்று. இரு கதவுகளுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீராக வந்தால் வேலை முடிந்தது. இதற்குக் கைத் திருப்புளி போதும். மின்சார டிரில் வைத்து முறுக்கினால் துளை அரிந்துவிடும்.

துளை அரிந்து ஸ்க்ரூ சும்மா சுற்றினால், பசை தடவிய தீக்குச்சிகளைத் துளையில் நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் முழுதும் காயவிட்டுப் பிறகு பூட்டலாம். நீளமான ஸ்க்ரூ போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பலகை பொதுவாக 18 மில்லிமீட்டர்தான். அதைவிட நீளமானது மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

கீல்களின் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக மூன்றடி உயரம் வரை இரண்டும், ஐந்தடி வரை மூன்றும், ஆறரை அடிக்கு நான்கும் வேண்டும். குறைந்தால் எத்தனை முறை திருகினாலும் கதவு இறங்கும்.

கடைக்காரர்கள் கவனத்திற்கு

மாற்றுக் கீல் கேட்டு வருபவரிடம் பழைய கீலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிண்ணத்தின் குறுக்களவு பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான். ஆனால், அதன் இருபுற ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கதவு பக்கப்பலகையை முழுவதும் மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அடங்குகிறதா என்பதைக் கேட்டு அதற்கேற்ற கிராங்க் கொடுங்கள். முழு மூடலுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் பாதி மூடல் கீலைக் கொடுத்தால் எந்தத் திருகலும் உதவாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்கப் பெட்டியில் வரும் பட்டையைப் பலர் வீசி எறிந்துவிடுகிறார்கள். இழுப்பறைப் பெட்டிகள் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்ததன் பேரில், ஐகியா நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கதவைச் சரிசெய்யப் போகும் நம் ஆள் அந்தப் பட்டையையும் சுவரில் பூட்டிவிட்டு வரட்டும்.

டெலிவரிக்குச் செல்லும் பையனிடம் ஒரு ரசமட்டம், டேப், திருப்புளி மூன்றையும் கொடுத்து, இந்த முறையைப் பழக்கிவிடுங்கள். எங்கள் கொள்முதல் பேச்சுகளில் நாலு ரூபாய் குறைக்க மணிக்கணக்கில் பேசுகிறோம். திரும்பி வரும் ஒரு அலமாரி அதைப்போல் பல மடங்கை விழுங்கிவிடும். கோணிய கதவு நேரானால் மிஞ்சுவது வாடகை மட்டுமல்ல, கடையின் பெயரும்தான்.