மகபதியின் அச்சம் விளைந்த கதை

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தில் அச்சம் எப்படி வளர்கிறதென்று ஒரு மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கதைச் சுருக்கம்தான் வரும். சூனியக்காரிகள் வந்தார்கள், மெக்பெத் மன்னனைக் கொன்றான், கடைசியில் அவனும் மாண்டான். ஓர் உணர்ச்சி எங்கே பிறந்து எவ்வழியே நகர்கிறது என்பதற்கு அதில் பதில் இராது. அந்த வழியைப் பார்க்க உதவும் கருவி தமிழில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. அதை ஷேக்ஸ்பியர் மேல் வைத்துப் பார்த்தவர் மட்டக்களப்புத் தமிழகத்தின் மைந்தர்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. அறிவியல் கற்பித்தவர், துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். மட்டக்களப்பு வாவியருகே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது அவர் முயற்சியால். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1926இல், மதுரைத் தமிழ்ச் சங்கம் அவருடைய ‘மதங்க சூளாமணி’யை வெளியிட்டது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்கள் அதில் தமிழ்க் கண்ணால் ஆராயப்படுகின்றன. மெக்பெத் அங்கே மகபதி. ரோமியோவும் ஜூலியட்டும் இரம்மியனும் சுசீலையும்.

பழந்தமிழ் நாடக இலக்கண நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் அவற்றிலிருந்து சில செய்திகளைக் காப்பாற்றித் தந்திருக்கிறார். அவற்றுள் ஒன்றுதான் மேலே சொன்ன கருவி: ஐந்து சந்திகள், அதாவது கதையின் மூட்டுகள். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உரையாசிரியர் இவற்றை நெல்லை வைத்தே விளக்குகிறார். உழுத புழுதியில் வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தாழ்வது விளைவு. அறுத்து, சூடடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்யும் போடியாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கருவி தொல்காப்பியத்தில் இருக்கிறது: மெய்ப்பாடு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: வருத்தும் அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசன்.

இந்த இரண்டையும் மகபதிக்கு நாமே பொருத்திப் பார்க்கலாம். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுவே மிகக் குறுகியது. விடிய விடிய ஆடும் நம் வடமோடிக் கூத்தோடு ஒப்பிட்டால், முதற்சாமத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் அச்சம் ஐந்து பருவமும் காண்கிறது.

முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் மகபதியிடம் நீ அரசனாவாய் என்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அவன் திடுக்கிடுகிறான், ஏன் அஞ்சுகிறாய் என்று தோழன் பாங்கோ கேட்கிறான். வித்து அங்கே விழுந்துவிட்டது. இரண்டாம் அங்கத்தில் கொலை முடிகிறது. அதன்பின் கதவு தட்டும் ஓசைகூட அவனை உலுக்குகிறது. வித்து நாற்றாகிவிட்டது.

பயிர் கருக்கொள்ளும் மூன்றாம் அங்கத்து விருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மகபதி ஆளனுப்பிக் கொன்ற பாங்கோவின் ஆவி இருக்கையில் அமர்ந்திருக்கிறது. கரடி, காண்டாமிருகம், புலி எது வந்தாலும் நடுங்கமாட்டேன் என்கிறான் மகபதி. தொல்காப்பியரின் நால்வகையில் விலங்கை அவன் தானே விலக்கிவிட்டான். அணங்குதான் அவனை ஆட்டுகிறது. மற்ற இரண்டும் எங்கே? அரியணையைத் திருடியதால் கள்வனும் அவனே, அதில் ஏறி அமர்ந்ததால் அரசனும் அவனே. பிறர் அஞ்சவேண்டிய இரண்டாகவும் தானே ஆகிவிட்ட ஒருவன் எங்கே ஓடுவான்? ஒரு நல்ல கட்டுரையின் மையவாதம் இதற்குள் இருக்கிறது. கதையை மட்டும் தொடர்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

நான்காம் அங்கத்தில் கதிர் முற்றுகிறது. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்று உறுதி கிடைத்த பிறகும், தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல ஆளனுப்புகிறான்.

ஐந்தாம் அங்கம் துய்த்தல். அரண்மனையில் பெண்கள் அலறும் குரல் கேட்கிறது. அச்சத்தின் சுவையே தனக்கு ஏறக்குறைய மறந்துவிட்டதாக மகபதி சொல்கிறான். தான் விளைத்ததை அவன் முழுதும் தின்று தீர்த்துவிட்டான். அடுத்த நொடியில் மனைவி இறந்த செய்தி வருகிறது. அவன் அழுவதில்லை. அச்சத்தோடு அழுகையும் வற்றிப்போனதை இந்த இடத்தில் காட்டிவிட்டால் மாணவரின் வாதம் நிலைபெற்றுவிடும். மக்டஃபின் வாள்வீச்சுக்கு அதன்பின் ஒரு வரி போதும்.