உடல் எடை கூடியவர் ஓடத் தொடங்கும்போது: ரிவர்ஸ்டன் வீதியில் ஆபத்தும் உரிமையும் தீர்வும்

உடல் எடை கூடியிருப்பது ஓட்டப் பயிற்சிக்குத் தடையில்லை. ஆனால் எந்தப் பரிசோதனைக்குப் பிறகு, எந்தத் தரையில், எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. மலைப்பகுதியில் வசிப்பவருக்கு இவற்றோடு சரிவும் சேர்ந்துகொள்கிறது. மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கிச் செல்லும் வீதி, நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள ரிவர்ஸ்டனை அடைவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயர்ந்துவிடுகிறது. ரிவர்ஸ்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தக் குறைவு சாதாரணமாக நோயை உண்டாக்காது. புதிதாக ஓடுபவரைச் சோதிப்பது அங்குள்ள ஏற்ற இறக்கமும், பலத்த காற்றும், மூடுபனியும், நடைபாதையில்லாத வளைவுகளுமே.

எடை கூடியவர் என்பது யார்?

கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். உலகளவில் 25க்கு மேல் இருந்தால் எடை கூடியவர், 30க்கு மேல் இருந்தால் உடற்பருமன் உள்ளவர் எனக் கொள்வர். ஆசிய மக்களுக்கு நீரிழிவும் இதய நோயும் இதைவிடக் குறைந்த எடையிலேயே வருவதால், உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் 23, 27.5 ஆகிய இரு எல்லைகளை முன்வைத்தது. 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 59 கிலோவில் முதல் எல்லையையும், 70 கிலோவைச் சற்றுத் தாண்டும்போது இரண்டாவது எல்லையையும் தொடுகிறார். இடுப்புச் சுற்றளவும் முக்கியம். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை அளவுகள். மெலிந்த கைகாலும் பெருத்த வயிறுமாக இருப்பவர், எடை அளவு சரி என்று எண்ணிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இலவசப் பரிசோதனை

ஓடத் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய அடிப்படைப் பரிசோதனைக்கு இலங்கையில் பணம் செலவிடத் தேவையில்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நடத்துகிறது. 35 வயதைக் கடந்தவர்களின் எடை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை அங்கே அளந்து, அடுத்த பத்து ஆண்டுகளில் இதய நோயோ பக்கவாதமோ வரக்கூடிய வாய்ப்பைக் கணித்துச் சொல்கிறார்கள். எந்த நாளில், எங்கே நடக்கிறது என்பதைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். வயது குறைந்தவர்கள் வெளிநோயாளர் பிரிவில் பிரசர், சீனி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஈசிஜியோ ஓட்டப்பட்டைப் பரிசோதனையோ தேவைப்படாது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2015இல் திருத்திய வழிகாட்டல் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: இப்போது உடற்பயிற்சி செய்கிறாரா, இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் இருக்கிறதா, நெஞ்சுவலி, சிறு வேலைக்கே மூச்சிரைப்பு, மயக்கம், கால் வீக்கம் போன்ற அறிகுறிகள் உண்டா. இந்த நோய்களில் ஒன்று இருந்து, பயிற்சிப் பழக்கமும் இல்லாதவர் வைத்தியரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். அறிகுறி உள்ளவரும் அப்படியே.

மருந்து எடுப்பவர்களுக்குச் சில தனி எச்சரிக்கைகள் உண்டு. இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் பாவிக்கும் நீரிழிவு நோயாளருக்கு ஓட்டத்தின்போதும் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். ஆகவே புறப்படுமுன் அளவு டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் முதலில் மாச்சத்து உணவு எடுக்க வேண்டும். பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். பாதம் மரத்துப்போனவர்கள் சப்பாத்து கடித்த புண்ணை உணர மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பது அவசியம். அட்டெனலோல் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பை அடக்கிவைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பெண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. வார்ஃபரின் எடுப்பவருக்கு நக்கிள்ஸ் பகுதியின் அட்டைக்கடியில்கூட இரத்தம் நிற்கத் தாமதமாகும்.

சரிவு உடலுக்குச் செய்வது

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தாங்கும் விசை உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு. நடக்கும்போது அது உடல் எடையைவிடச் சற்றே கூடுதல். ஆகவே 90 கிலோ எடையுள்ளவர் ஓடினால் ஓர் அடிக்கு 180 முதல் 270 கிலோ பாரத்துக்குச் சமமான விசை முழங்கால், கணுக்கால், பாத எலும்புகள் வழியாகச் செல்கிறது. தசையும் மூச்சும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதென்று வேகத்தைக் கூட்டும் மூன்றாம் நான்காம் வாரங்களில் முன்கால் எலும்பு வலியும் குதிகால் வலியும் தொடங்குவது இந்த இடைவெளியால்தான்.

ஏற்றமும் இறக்கமும் உடலை வெவ்வேறு விதமாகத் தாக்குகின்றன. 10 சதவீத ஏற்றத்தில் ஓடச் சமதரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். இதயத்துக்கு அது கடும் வேலை. மூட்டில் விழும் மோதலோ குறைவு. இறக்கத்தில் மூச்சு இலகுவாக இருக்கும், மோதல் கூடும். அமெரிக்க ஆய்வாளர்கள் கொட்ஷால், கிராம் ஆகியோர் 2005இல் வெளியிட்ட அளவீட்டில், 9 பாகை இறக்கத்தில் பாதம் தரையில் மோதும் விசை சமதரையைவிட 54 சதவீதம் உயர்ந்திருந்தது. தொடையின் முன்தசை நீண்டபடியே தடை போடுவதால் மறுநாள் படியிறங்க முடியாத வலியும் வரும்.

இதிலிருந்து ரிவர்ஸ்டன் வீதிக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது: எடை கூடியவருக்கு ஏற்றம் நடப்பதற்கு உகந்தது, இறக்கம் ஓடுவதற்கு உகந்ததல்ல. மெதுவாக ஏறி நடந்துவிட்டு, திரும்புகையில் பஸ்ஸில் இறங்குவது இதயத்துக்குப் பயிற்சியையும் முழங்காலுக்கு ஓய்வையும் தரும். ஓட்டத்தைப் பாடசாலை மைதானத்திலோ, மாத்தளை பேர்னார்ட் அலுவிகார மைதானம் போன்ற சமதரையிலோ தொடங்குவதே முறை.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், உட்கார்ந்தே வாழ்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. போட்டிக்கென ஓடுபவர்களில் அது 13.3 சதவீதம். ஏற்கனவே மூட்டுவாதம் உள்ளவருக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர் நடை, சைக்கிள், நீச்சல் ஆகியவற்றில் தொடங்கலாம்.

படிப்படியான திட்டம்

ஆரம்ப ஓட்டத் திட்டங்களில் பெயர்பெற்ற ‘கவுச் டு 5கே’யை ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வகுத்தார். வாரம் மூன்று நாள் வீதம் ஒன்பது வாரங்கள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடைக்குப் பின் 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம் மாறிமாறிச் செய்ய வேண்டும். கணக்குப் பார்த்தால் வாரத்தில் 24 நிமிடமே ஓட்டம். மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் அது 2.8 கிலோமீற்றர். டென்மார்க்கில் உடற்பருமன் உள்ள புதிய ஓட்டக்காரரிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட சிறிய ஆய்வொன்று, முதல் வாரத்தில் 3 கிலோமீற்றரைத் தாண்டியவர்களுக்குக் காயம் கூடுதலாக ஏற்படலாம் எனக் காட்டியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எல்லையைச் சொல்கின்றன.

உடற்திணிவுச் சுட்டி 30ஐத் தாண்டியவர், முதலில் 30 நிமிடம் நிற்காமல் விறுவிறுப்பாக நடக்கும் நிலையை அடைய வேண்டும். அதற்கு நான்கு வாரமோ எட்டு வாரமோ ஆகலாம். பின்னர் 30 விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்கலாம். ஓட்ட நாட்களுக்கிடையே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். ஒரு வாரப் படியை இலகுவாக முடிக்கும்வரை அதையே திரும்பச் செய்வதால் நட்டமில்லை. வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் காயம் வராது என்ற பழைய நம்பிக்கையை நெதர்லாந்தில் 2008இல் வெளிவந்த பரிசோதனை ஒன்று உறுதிப்படுத்தவில்லை. மறுநாள் காலை உடல் எப்படியிருக்கிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் நடைக்கு மாற வேண்டும்.

குதிகாலை இறுகப் பிடிக்கும், அடிப்பகுதி தேயாத சப்பாத்து போதுமானது. தொடை உரசும் இடங்களில் வாசலின் பூசுவதும், பெண்கள் விளையாட்டுக்கான இறுக்கமான உள்ளாடை அணிவதும் தோல் புண்ணையும் மார்பு வலியையும் தடுக்கும்.

எடை குறைவது பற்றி அளவான எதிர்பார்ப்பு வேண்டும். ஒரு கிலோமீற்றர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 90 கிலோ உள்ளவர் 3 கிலோமீற்றர் ஓடினால் 270 கலோரி. பயிற்சி முடிந்து கடையில் குடிக்கும் சீனி போட்ட பால் தேநீரும் ஒரு பணிஸும் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் எடை இறங்காவிட்டாலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதில் நடையும் அடங்கும்.

வீதியும் காலநிலையும்

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால், எதிரே வருவதைப் பார்த்தபடி வலப்பக்க ஓரத்தில் நடப்பதும் ஓடுவதுமே பாதுகாப்பு. மூடுபனியில் வெளிர்நிற ஆடையும் ஒளிதெறிக்கும் பட்டியும் தேவை. தொலைபேசி அலை எல்லா வளைவுகளிலும் கிடைக்காது. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மத்திய மலைநாடு கண்ட மண்சரிவுகள் அந்த எச்சரிக்கையின் பெறுமதியைக் காட்டின. எந்த நிற எச்சரிக்கை இருந்தாலும் மலை வீதியில் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. வீதியை விட்டு நக்கிள்ஸ் காட்டுக்குள் செல்வோர் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்று, குறித்த பாதையில் மட்டுமே செல்லலாம்.

உடனே செய்யவேண்டியவை

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி உட்கார்ந்து, 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழைக்க வேண்டும். அந்தச் சேவை இலவசம். கைநடுக்கமும் தடுமாற்றமும் வந்த நீரிழிவு நோயாளருக்கு, உணர்வு இருக்கும்போதே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நாய் கடித்தால் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நாய்க்கடிச் சிகிச்சை அங்கே இலவசமாகக் கிடைக்கும். எலும்பில் ஒரு புள்ளியில் குத்தும் வலி, நொண்ட வைக்கும் வலி, வீங்கிய மூட்டு ஆகியவை ஓட்டத்தை நிறுத்தும் காரணங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் வைத்தியரைக் கண்டு, இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி தமிழும் அரச கரும மொழி. வைத்தியசாலையில் தன் நோய் நிலையையும் மருந்தின் அளவையும் தமிழில் விளக்கும்படி கேட்பது உரிமையைக் கேட்பதாகும். உடல் எடையைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. அரச நிறுவனமொன்று சமமாக நடத்தத் தவறினால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையைக் காட்டி இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணில் முறையிடலாம்.

வீதியில் ஓடும் பெண்ணைப் பாலியல் சொற்களாலோ செயல்களாலோ தொந்தரவு செய்வது, தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பொலிஸ் 119, மகளிர் உதவிச் சேவை 1938.

ஒரு வாரத்தில் பத்துக் கிலோ குறையும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் ஆபத்து மறைந்திருக்கலாம். இதயத்தைப் பாதிக்கும் என்று 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சந்தையிலிருந்து விலக்கிய சிபுட்ரமின், பிற நாடுகளில் ‘மூலிகை’ப் பெயரில் விற்ற பொருட்களில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியாத மருந்தை வாங்கக் கூடாது. பொய் வாக்குறுதியோடு விற்ற பொருளுக்கும் சேவைக்கும், உடற்பயிற்சி நிலையக் கட்டணம் உட்பட, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி எண் 1977. முறைப்பாட்டை எழுத்தில், கொள்வனவு செய்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் பாதுகாத்து வைப்பது அவசியம்.

மலையோட்டப் போட்டிகளில் பெயர் பதியும்போது, என்ன நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையொப்பம் வாங்குவது வழக்கம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, வியாபாரமாக நடத்துபவர் தன் கவனயீனத்தால் விளைந்த மரணத்துக்கோ காயத்துக்கோ உள்ள பொறுப்பை அத்தகைய வாசகத்தால் கழித்துவிட முடியாது. இயல்பான ஆபத்தை ஏற்றுக்கொண்டவர், ஏற்பாட்டாளரின் கவனயீனத்தையும் மன்னித்துவிட்டார் என்று ஆகிவிடாது. முதலுதவிக் குழு, நோயாளர் காவு வண்டி, தண்ணீர் நிலையங்கள், கடைசியாக வருபவருக்கான நேர எல்லை ஆகியவற்றைப் பணம் கட்டுமுன் கேட்டறிவது நல்லது. சமதரையில் 30 நிமிடம் வலியின்றித் தொடர்ந்து ஓடவும், மறுநாள் இயல்பாக நடக்கவும் முடிந்தவரே ரிவர்ஸ்டன் போன்ற சரிவில் ஓடுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் இறக்கத்தை நடந்தே கடப்பது பாதுகாப்பானது.