சுவரேறும் தேரை

நியாலாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் மழை பெய்து ஓய்ந்த இரவில், குளியலறைச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலோ ஒரு மெலிந்த தவளை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். “தேரை! பிள்ளைமேல் விழுந்தால் பிள்ளை தேய்ந்து போகும்” என்று துடைப்பத்தைத் தேடுவோரும் உளர்.

தேரை என்ற சொல் நம்மிடையே இரு உயிர்களைக் குறிக்கிறது. தரையில் தத்தும் சொரித்தோல் உயிர் ஒன்று. சுவரேறும் இது மற்றொன்று. இதனை மரத்தவளை என்பதே தெளிவு. 1829இல் கிராவன்ஹோர்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்கு ‘லியூகோமிஸ்டாக்ஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் வெண்மீசை என்பது பொருள். மேலுதட்டின் ஓரம் வெளுத்திருப்பதை நோக்கினால் பெயரின் பொருத்தம் விளங்கும். தமிழகத்து வீடுகளில் காணப்படும் புள்ளித்தொடை மரத்தவளை இதன் நெருங்கிய உறவு.

ஆண் ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், பெண் 7 செ.மீ.க்கும் மேல் வளரும். நிறம் பழுப்பு, அது வெளிறுவதும் கருப்பதும் உண்டு. சிலவற்றின் முதுகில் நான்கு கருங்கோடுகள் ஓடும். சிலவற்றில் ஒன்றும் இராது. இதனால் ஒரே இனத்தை இரண்டாகக் கருதி மயங்குவோர் பலர். தலைத்தோல் மண்டையோட்டோடு இறுகப் பற்றியிருக்கும்.

விரல்நுனிகள் வட்டத் தகடுபோல் அகன்றவை. அங்கே நுண்ணிய கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றில் பரவும் மெல்லிய ஈரமே வழுக்குச் சுவரிலும் பிடிப்புத் தருகிறது. பசையன்று.

அடர்காட்டைவிடக் காட்டோரமும் தோட்டமும் வீட்டுப்புறமுமே இதற்கு உவப்பு. பால்மரம் வெட்டிச் செம்பனை நட்ட இடங்களிலும் இது வாழ்கிறது. உணவு பூச்சிகள். தேங்காயை உள்ளே புகுந்து உண்ண இதனால் இயலாது. ‘தேரை மோந்த காய்’ என்பது மரத்தின் குறையால் பருப்புப் பிடிக்காத காயே. பிள்ளை மெலிவதற்கும் காரணம் உணவுக்குறையோ நோயோ ஆகும். தேரையின்மேல் பழிபோட்டுக் கயிறு கட்டிக் காத்திருக்கும் நாள்களில், மருத்துவரிடம் காட்டவேண்டிய காலம் கடந்துவிடுகிறது.

இதன் கூடு காணத்தக்கது. நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ தொட்டிச் சுவரிலோ, பெண் தன் உடற்கசிவைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடும். புதிதில் அது சவர்க்கார நுரைபோல் வெண்மையாக இருக்கும். பிறகு மேற்புறம் காய்ந்து பழுப்பாகும். உள்ளே ஈரம் காயாது. சில நாள்களில் நுரை இளகும். தலைப்பிரட்டைகள் கீழே நீரில் சொட்டும். அவற்றின் மூக்குநுனியில் ஒரு வெண்புள்ளி உண்டு. பள்ளியருகே மழைநீர் தேங்கிய குட்டையிருந்தால், மாணவர்க்கு அதனைக் காட்டலாம்.