மித்தி ஆற்றின் இரு செடிகள்

குர்லாவில் வாழும் நம்மவர் மித்தி ஆற்றை நாள்தோறும் கடக்கின்றனர். அதனை ஆறு என்று ஒப்புவோர் மிகச் சிலரே. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரால் பிறந்து, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழியில் கலக்கும் இந்நீர்வழியில் இருவகைத் தாவரங்கள் உள்ளன. ஒன்றை அகற்றுவது நன்மை. மற்றொன்றை வெட்டுவது குற்றம். இரண்டையும் களையென்றே பலரும் கருதிவிடுகின்றனர்.

முதலாவது, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை. பவாய் ஏரியில் படரும் இதனை மாநகராட்சி வாரி எடுக்கிறது. வங்காளத்தில் 1936-ஆம் ஆண்டிலேயே இதனை ஒழிப்பதற்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். உப்புநீர் இதற்கு ஆகாது. ஆதலால் கடலேற்றம் எட்டும் கீழ்ப்பகுதியில் இது நிலைப்பதில்லை.

அங்கே நிற்பது கண்டல் மரம். மராட்டியர் இதனைத் திவர் என்பர். பிச்சாவரத்துக் காயலில் படகேறிச் சென்றவர்க்கு இது புதியதன்று. நம் முன்னோர் அலையாத்தி என்றனரே, அப்பெயரிலேயே இதன் தொழிலும் அடங்கியிருக்கிறது. சேற்றினின்று மேல்நோக்கி முளைக்கும் மூச்சுவேர்கள் அலையின் வேகத்தைத் தணித்து வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் பெருகிவரும் வெள்ளம் பரவுதற்கு இடம் குறைகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது குர்லாவின் தாழ்ந்த வீடுகள் பட்ட பாட்டை அங்குள்ளோர் மறந்திரார்.

அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் கண்டலை வெட்டுவதற்குத் தடை விதித்தது. நிலம் எவருடையதாயினும் தடை ஒன்றே. கண்டல் நிலத்தில் இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டுதல் கூடாது. சுற்றிலும் 50 மீட்டருக்குள் கட்டடமும் கூடாது. 2018-இல் வந்த இறுதித் தீர்ப்பு இதனை மேலும் உறுதிப்படுத்தியது.

அவ்வாறாயின் எவருக்குமே அநுமதி இல்லையோ எனின், பொதுநன்மைக்கான பணிக்கு உண்டு. ஆயினும் நீதிமன்றத்தின் வாயிலுக்கே செல்லவேண்டும். மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் திட்டத்தாரும் அவ்வாறே சென்றனர். அவர்கள் முதலில் எண்ணியது 53,000-க்கும் மேற்பட்ட மரங்கள். திட்டத்தைத் திருத்தி 21,997 எனக் குறைத்த பின்னரே, 2022 டிசம்பரில் அநுமதி கிடைத்தது.

அரசாங்கத்தின் ரயிலுக்கே இந்நிலை. அடுப்புக்கு விறகொடிக்கவும் ஆட்டுக்குத் தழை பறிக்கவும் சீட்டு வழங்கும் அலுவலகம் எதுவும் இல்லை. இரவில் லாரி வந்து கண்டலின்மேல் மண் கொட்டுவதைக் கண்டால், வனத்துறையில் 2012-இல் அமைந்த கண்டற் காட்டுப் பிரிவுக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ இடமும் நாளும் குறித்து முறையிடலாம். அந்நிலம் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்பதில்லை.