அம்மா பின்னிய திமிங்கலமும் எக்ஸெல் காட்டிய தவறும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. படம் பார்த்தாயிற்று, மெயில் அனுப்பியாயிற்று. அடுத்து என்ன செய்வது? பலரும் கேட்கும் கேள்வி இது. என் அம்மாவும் கேட்டார். அதற்கு அவரே ஒரு பதிலும் கண்டுபிடித்தார். அந்தப் பதிலில் சிக்கிக் கொண்டு தவித்தார். அந்தக் கதையையும், அதில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு எளிய வழியையும் இங்கு பார்ப்போம்.

அம்மா இருப்பது திருவண்ணாமலையில். நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு அவருக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். பள்ளியில் தையல் டீச்சரிடம் குரோஷா பின்னல் கற்றவர் அவர். எங்கள் வீட்டு டீப்பாய் விரிப்பு, டிவி மேல் போடும் துணி எல்லாம் அவர் கைவேலைதான். இன்டர்நெட்டில் தேடியபோது, குரோஷாவில் பொம்மைகளும் பின்னுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். ஜப்பானியர்கள் இதனை அமிகுருமி என்கிறார்கள். உள்ளே பஞ்சு அடைத்த சின்னச் சின்ன பொம்மைகள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்த நாள் வந்தது. ரிட்டர்ன் கிப்ட்டாகக் கொடுக்க 20 குட்டித் திமிங்கலங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். கடலே இல்லாத ஊரில் திமிங்கலம்! அம்மா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் அவகாசம். இன்டர்நெட்டில் அழகான ஒரு நீலத் திமிங்கலத்தின் படம் இருந்தது. அதைப் பின்னுவதற்கான செய்முறைக் குறிப்பை 250 ரூபாய் கொடுத்து டவுன்லோட் செய்தார். இந்தக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்று பெயர்.

பௌர்ணமிக்கு நான் ஊருக்குப் போனபோது, மூன்று வாரத்தில் ஒரு வாரம் போயிருந்தது. ஒரு திமிங்கலம்கூட முடியவில்லை. மடியில் கசங்கிய நீல நூல். நான்கு முறை பின்னி, நான்கு முறையும் பிரித்திருந்தார். "கண்ணு, எனக்கு வயசாயிடுச்சு. எண்ணிக்கையே நிக்க மாட்டேங்குது. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடவா?" என்றார். நாற்பது ஆண்டுகளாகக் குரோஷா ஊசி பிடித்த கை அது. எனக்கு மனது கேட்கவில்லை. அந்தக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன்.

குறிப்பும் ஒரு புரோகிராம்தான்

குரோஷா குறிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரோகிராம் நினைவுக்கு வந்தது. ஒரு வரிக்கு ஒரு கட்டளை. "இதனை 6 தடவை செய்" என்ற வகைக் கட்டளையைப் புரோகிராம் எழுதுபவர்கள் லூப் என்பார்கள். குரோஷாவில் ஊசி இழுப்பதும் லூப்தான்!

பின்னலுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு பழையது. எங்கள் மாவட்டத்து ஆரணியில் பட்டுச் சேலை நெய்யும் தறியில், துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இது ஜக்கார்டு முறை. பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கியது. அட்டையில் துளை இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்து எந்த இழை மேலே எழவேண்டும் என்று தறி முடிவு செய்யும். இந்த அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணக்கிடும் இயந்திரத்தின் திட்டத்தில் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் வரலாறு பாபேஜிடமிருந்துதான் தொடங்குகிறது என்று படித்திருப்பீர்கள்.

சரி, புரோகிராம் என்றால் அதில் தவறும் இருக்கலாம். தவறு இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்காமலேயே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்.

சாதா: முந்தைய சுற்றின் ஒரு கண்ணியில் ஒரு கண்ணி பின்னுவது. ஒன்றை எடுத்து ஒன்றைத் தரும்.

கூட்டல்: ஒரே கண்ணியில் இரண்டு கண்ணி பின்னுவது. ஒன்றை எடுத்து இரண்டைத் தரும். உருவம் அகலமாகும்.

குறைத்தல்: இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. இரண்டை எடுத்து ஒன்றைத் தரும். உருவம் குறுகும்.

விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு சுற்று எடுக்கும் கண்ணிகளும், அதற்கு முந்தைய சுற்று தந்த கண்ணிகளும் சமமாக இருக்கவேண்டும். இல்லை என்றால் குறிப்பு தவறு.

எக்ஸெல்லில் சோதிப்பது எப்படி?

உங்களிடம் எக்ஸெல் இல்லையா? கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே போலச் செய்திடலாம்.

1. முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரை உள்ள கட்டங்களில் இந்தத் தலைப்புகளை வரிசையாக டைப் செய்யுங்கள்: சுற்று, தடவை, சாதா, கூட்டல், குறைத்தல், எடுப்பது, தருவது.

2. இரண்டாவது வரிசை முதல் சுற்றுக்கானது. வளையம் போட்டு 6 கண்ணிகளில் தொடங்குவதால், ஜி2 கட்டத்தில் 6 என்று மட்டும் டைப் செய்தால் போதும்.

3. எப்3 கட்டத்தில் =பி3*(சி3+டி3+2*இ3) என்று அமைக்கவும். ஜி3 கட்டத்தில் =பி3*(சி3+2*டி3+இ3) என்று அமைக்கவும். கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவேண்டும். சமக்குறியை மறந்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் எக்ஸெல் இதனைக் கணக்கு என்று புரிந்துகொள்ளும்.

4. எப்3, ஜி3 இரண்டையும் தேர்ந்தெடுங்கள். வலது கீழ் மூலையில் தெரியும் சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். எல்லாச் சுற்றுகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

5. குறிப்பில் உள்ள எண்களை வரிசையாகக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் "எடுப்பது" கட்டத்தை, அதற்கு மேல் வரிசையில் உள்ள "தருவது" கட்டத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மா எண்களைச் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். ஐந்தாவது சுற்று வரை சரியாக இருந்தது. அதில் கிடைப்பது 30 கண்ணி. ஆறாவது சுற்றுக்குக் குறிப்பு சொன்னது: 5 சாதா, 1 கூட்டல், 6 தடவை. மொத்தம் 36. எக்ஸெல் என்ன காட்டியது தெரியுமா? எடுப்பது 36, தருவது 42. கையில் இருப்பதோ 30. இல்லாத 6 கண்ணிகளில் எப்படிப் பின்னுவது? ஒன்பதாவது சுற்றிலும் இதே கதை. யார் பின்னினாலும் அந்தத் திமிங்கலம் வராது.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் சரியாத்தான் எண்ணியிருக்கேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

படம் எங்கிருந்து வந்தது?

மறுபடி அந்தத் திமிங்கலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணிகள் பாதியில் மறைந்து வேறு திசையில் தொடங்கின. துடுப்பும் உடலும் தையல் இல்லாமல் மெழுகு போல ஒட்டியிருந்தன. பொம்மைக்கு ஒரே ஒரு கோணத்தில்தான் படம் இருந்தது. ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தின் அடையாளங்கள் இவை. குறிப்பையும் அதுவே எழுதியிருக்கலாம். விற்றவருக்கு மெயில் அனுப்பினோம். பதில் இல்லை.

ஏ.ஐ. குரோஷாவில் தடுமாறுவது புதிதல்ல. 2023-ம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவைச் சேர்ந்த அலெக்ஸ் உல்னர் என்ற பெண், நார்வால் என்னும் கொம்புத் திமிங்கலத்தைப் பின்னுவதற்குக் குறிப்பு எழுதித் தரும்படி சாட் ஜி.பி.டி.யிடம் கேட்டார். அது சொன்னபடியே பின்னினார். வந்தது ஒரு விநோத உருவம். அதற்கு ஜெரால்டு என்று பெயர் வைத்தார். உலகமே பார்த்துச் சிரித்தது. காரணம் எளிது. இத்தகைய புரோகிராம் குறிப்பு எப்படி இருக்கும் என்ற நடையைக் கற்றிருக்கிறது. ஊசியைப் பிடித்து எண்ணிப் பார்த்ததில்லை. இன்று இவை நன்றாக முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் சோதிக்காமல் நம்பவேண்டாம்.

குறிப்பு வாங்கும் முன் கவனியுங்கள்

* அதே குறிப்பை வைத்து மற்றவர்கள் பின்னிய பொம்மையின் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2007-ல் தொடங்கிய ராவெல்ரி இணைய தளத்தில், குறிப்புடன் அதனைப் பின்னியவர்கள் எடுத்த படங்களையும் காணலாம். இலவசக் குறிப்புகளும் ஏராளம்.

* அமெரிக்க முறையா, இங்கிலாந்து முறையா என்று பாருங்கள். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதை இங்கிலாந்துக்காரர்கள் டபுள் குரோஷே என்பார்கள். மாறிவிட்டால் பொம்மை நீண்டு, பஞ்சு வெளியே தெரியும்.

* டவுன்லோட் ஆன பைலின் பெயர் பி.டி.எப். என்று முடிகிறதா? இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் திறக்காதீர்கள். அது குறிப்பு அல்ல, புரோகிராம். வைரஸாக இருக்கலாம். விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துகளை வழக்கமாக மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ பிரிவில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். பெயர் முழுவதும் தெரியும்.

* பணம் மோசடியில் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையவழிப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண் இது.

அம்மா எழுதிய திமிங்கலம்

தவறான குறிப்பைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம் என்று அம்மா சொல்லிவிட்டார். டீப்பாய் விரிப்பில் ஆறு ஆறாகக் கூட்டிப் பழகியவர். அவர் சொல்ல, எக்ஸெல் சரிபார்க்க, அரை மணி நேரத்தில் தயாரானது. 3 மி.மீ. குரோஷா ஊசி, மெல்லிய உல்லன் நூல், பாலியஸ்டர் பஞ்சு போதும். வாயில் தொடங்கி வாலில் முடிகிறது.

சுற்று 1: வளையத்தில் 6 கண்ணி
சுற்று 2: ஒவ்வொன்றிலும் கூட்டல் - 12
சுற்று 3: 1 சாதா, 1 கூட்டல், 6 தடவை - 18
சுற்று 4: 2 சாதா, 1 கூட்டல், 6 தடவை - 24
சுற்று 5: 3 சாதா, 1 கூட்டல், 6 தடவை - 30
சுற்று 6 முதல் 10 வரை: எல்லாம் சாதா - 30
சுற்று 11: 3 சாதா, 1 குறைத்தல், 6 தடவை - 24
சுற்று 12: சாதா - 24
சுற்று 13: 2 சாதா, 1 குறைத்தல், 6 தடவை - 18
சுற்று 14: சாதா - 18. இங்கே பஞ்சு அடைக்கவும்.
சுற்று 15: 1 சாதா, 1 குறைத்தல், 6 தடவை - 12
சுற்று 16: சாதா - 12
சுற்று 17: 6 குறைத்தல் - 6. நூலை இழுத்து முடிச்சுப் போடவும்.

துடுப்பும் வாலும்: வளையத்தில் 6, அடுத்து 1 சாதா, 1 கூட்டல், 3 தடவை - 9, அடுத்து சாதா - 9. தட்டையாக அழுத்திக்கொள்ளவும். இதுபோல நான்கு செய்து, இரண்டைப் பக்கவாட்டில் துடுப்பாகவும், இரண்டை முனையில் வாலாகவும் தைக்கவும். வாலைப் படுக்கைவாட்டில் தைக்கவேண்டும். மீனுக்கு வால் செங்குத்தாக இருக்கும். திமிங்கலம் பாலூட்டி, அதன் வால் படுத்திருக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கைக்குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் கண் வேண்டாம். பிய்ந்தால் குழந்தை விழுங்கிவிடும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். தொழிலாக விற்க நினைப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.

இயந்திரம் செய்யாத வேலை

ஒரு திமிங்கலத்திற்கு உடல் 354 கண்ணி, நான்கு சிறு துண்டுகளுக்கு 96. ஆக 450. இருபது திமிங்கலத்திற்கு 9,000 கண்ணி. எக்ஸெல் இதனை நொடியில் கூட்டிவிட்டது. ஆனால் ஒரு கண்ணிகூட அதனால் பின்ன முடியாது. திருப்பூரில் பனியன் துணியை இயந்திரம் மளமளவென்று பின்னுகிறது. அது நிட்டிங். குரோஷாவை அப்படித் தொழிற்சாலையில் கொட்டிக் குவிக்கும் இயந்திரம் இன்னும் புழக்கத்திற்கு வரவில்லை. 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதுவும் கைகளால் பின்னியதுதான்.

பிறந்த நாளுக்குள் அம்மாவால் 16 திமிங்கலங்களைத்தான் முடிக்க முடிந்தது. பாக்கி நான்கையும் அடுத்த வாரம் கொடுத்தார். யாரும் குறை சொல்லவில்லை. இப்போது இன்டர்நெட்டில் எந்தக் குறிப்பு கிடைத்தாலும் முதலில் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். திரையில் ஏதாவது சரியாக வரவில்லை என்றால், "எனக்குத்தான் தெரியவில்லை" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். திரையில் வந்ததாலேயே ஒன்று சரியாகிவிடாது. எண்ணிப் பாருங்கள். உங்கள் கை பல ஆண்டுகளாகப் பழகிய வேலையில், கம்ப்யூட்டரை உதவியாளராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு திமிங்கலத்தை முயன்று பாருங்களேன்!